ஆறு கட்டத்திலும் இல்லை

அண்ணி அதைச் சொன்னது செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. விசாரணையில் புதன்கிழமை என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதன்பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, இப்போது அந்தச் சாயங்காலத்தை நினைத்தாலே புதன்கிழமையாகத்தான் வருகிறது. ஆனால் என் ஞாபகத்தை நான் முழுசாக நம்புவதில்லை. அது எப்போதும் என் பக்கமே பேசுகிறது.

மற்றவை ஓரளவு சரியாக நினைவிருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நோய் பரவத் தொடங்கிய வருஷம் நான் வட்டார சுகாதார அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது அண்ணி. செத்துப்போன என் அண்ணனின் மனைவி. அவர் அதே அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக வீட்டுப் பராமரிப்புப் பணியாளர். தனியாக இருக்கும் வயசாளிகள், படுக்கையில் கிடப்பவர்கள் வீடுகளுக்கு வாரம் இரண்டு தடவை போய்க் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டு வருவார். அவர் சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் கட்டிய வீடு. அண்ணன் போன எட்டாம் நாள், வந்தவர்களுக்குப் போட்ட நாற்காலிகளைக் கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் அண்ணியிடம், "நீங்க வேணும்னா உங்க அம்மா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமே அண்ணி" என்றேன். அக்கறையில்தான் சொன்னேன் என்று மனைவியிடம் பிறகு சாதித்தேன். வீட்டிலேயே பெரிய ஜன்னல் அண்ணியுடைய அறைக்குத்தான் என்பதும் உண்மை. அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையிலிருந்த நாற்காலியை மற்றதன்மேல் வைத்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் வீட்டுக்குள் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. ஜாடையாகப் பேசிக்கொண்டோம்.

"சில பேருக்குக் குளிச்சிட்டு வந்தா தரையில தண்ணியைத் தள்ளிவிடணும்னுகூடத் தெரியாது" என்பார் அண்ணி, அடுப்பைப் பார்த்து.

"சில பேருக்கு ஊரெல்லாம் குளிப்பாட்டுற கை, வீட்டுக்கு வந்தா பிராண்டத்தான் தோணும்" என்பேன் நான், செய்தித்தாளைப் பார்த்து.

என் மனைவி நடுவில் நிற்பாள். "ரெண்டு பேரும் என்கிட்டயே சொல்றீங்களே, நான் என்ன தபால் பெட்டியா?"

அண்ணி சொல்வது காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அதனால் எனக்கு ஒரு பேர் வைத்திருந்தார்: செவிடு. "செவிடு வந்தாச்சு, சோத்தைப் போடு." "செவிட்டுக்கு இன்னைக்கு உப்பு பத்தலையாம்." மூன்று வருஷமாக அந்த வீட்டில் செவிடு என்றால் நான்தான்.

அலுவலகத்தில் மட்டும் நேராகப் பேசுவோம். சார், மேடம். பார்க்கிறவர்கள், ஒருவரையொருவர் மதிக்கும் இரண்டு பணியாளர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நோய் வந்ததும் அதுவும் போயிற்று. ஒரு புதன்கிழமை, வீட்டுப் பராமரிப்பை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. பணியாளர்களே வீடு வீடாக நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்பது காரணம். வீட்டுச் சாவிகள் வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும். இனிமேல் எல்லோரையும் தினம் ஒரு தடவை போனில் விசாரித்தால் போதும். அண்ணியைக் கீழ்த்தளத்தில் மாத்திரைப் பொட்டலம் கட்டப் போட்டார்கள். என்னை மேல்மாடி போன் அறையில். ஒரு குழு படுத்தாலும் இன்னொரு குழு மிஞ்ச வேண்டும் என்று, மேல்மாடி ஆள் கீழ் அறைக்குப் போகக் கூடாது, கீழ்த்தளத்து ஆள் மாடி ஏறக் கூடாது. படிக்கட்டின் குறுக்கே ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள். எங்களுக்கு வெளிப்படிக்கட்டு.

அண்ணிக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு இருந்த ஒரே இடம் அந்த அலுவலகம்தான். பெஞ்சு அதையும் அடைத்துவிட்டது.

போன் அறையில் ஆறு பேர். ஆளுக்கு அறுபது வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தாளில் ஒரு வரி. பேர் கிடையாது, கதவு எண், வயது, பார்த்த வேலை, போன் நம்பர். அதற்குப் பக்கத்தில் ஆறு கட்டங்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், உணவு தேவை, மருந்து தேவை, வேறு புகார். ஒவ்வொன்றிலும் உண்டு அல்லது இல்லை என்று எழுத வேண்டும். சாயங்காலம் தாள்களைக் கீழே அனுப்பினால் அவை பலகையில் குத்தப்படும். உண்டு என்று இருக்கும் வீட்டுக்கு மறுநாள் வண்டி போகும். இல்லை என்று இருக்கும் வீட்டுக்குப் போகாது. உணவும் அப்படித்தான். முதல் மூன்று நாள் தனியாட்கள் எல்லோருக்கும் வாசலில் பொட்டலம் வைத்தார்கள். அதற்குப் பிறகு தாளைப் பார்த்து.

முதல் நாள் நிறையப் பேர் போனை எடுக்கவில்லை. கட்டங்களைக் காலியாக விட்டோம். மருத்துவ அதிகாரி அம்மா கதவருகே நின்று தாள்களை ஆட்டினார். "ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காது. மேலிடத்துல என்னைக் கிழிக்கிறாங்க. எதையாவது போடுங்க, ஆனா போடுங்க." அன்றிலிருந்து அவருக்குக் கட்டம்மா என்று பேர்.

என் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர். பஸ்கள் நின்றுவிட்டதால் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அவரிடம் கேட்டேன். "எடுக்காதவங்களுக்கு என்னண்ணே போடுறது?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆள் இல்லை. இல்லைன்னு போடு. ஸ்டாப்பிங்ல ஆள் இல்லைன்னா வண்டி நிக்காது தம்பி, அவ்வளவுதான்."

ஆறு பேரும் அதையே போட்டோம். காய்ச்சல் இல்லை என்று வாயால் சொன்னவருக்கும் இல்லை. போனையே எடுக்காதவருக்கும் இல்லை. எழுதிய எங்களுக்கு முதல் நாள் வித்தியாசம் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் எங்களுக்கும் தெரியவில்லை.

எடுக்காதவர்கள்மேல் எனக்கு உள்ளூர ஒரு நன்றிகூட இருந்தது. எடுத்தவர்கள் அப்படிப் பேசினார்கள். "செத்துட்டேனான்னு பார்க்கக் கூப்பிடுறியா? இருக்கேன். ஏமாந்தியா?" என்றார் ஒருவர். ஒரு பெண் தினமும், "வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டி மானத்தை வாங்கினவன்தானே நீ?" என்று ஆரம்பிப்பாள். என் குரலைக் கேட்டதும் காறித் துப்பும் சத்தம் மட்டும் வரும் ஒரு வீடும் இருந்தது. அறுபது வீட்டை முடிக்கும்போது தொண்டை வறண்டு, அடுத்தவன் போனை எடுக்காமல் இருக்கட்டும் என்று தோன்றும். மணி அடித்து ஓயும். இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை. கை வேகமாகப் போகும்.

என் தாளில் நாற்பத்திரண்டாவது வரி: மூன்றாம் மாடி. வயது எழுபத்தொன்று. தனி ஆள். பாய்லர் தொழிலாளி, ஓய்வு. தொற்று உறுதி.

வியாழக்கிழமை ஆரம்பித்து அடுத்த புதன்கிழமைவரை ஏழு நாள், தினம் இரண்டு தடவை அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு தடவையும் எடுக்கவில்லை. ஏழு நாளும் ஆறு கட்டத்திலும் இல்லை.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. பாய்லரை எனக்குத் தெரியும். பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருந்தேன். அண்ணி குளிப்பாட்டப் போகும் ஆட்களில் ஒருவர். நாற்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்று இரண்டு காதும் சுத்தமாகப் போனவர். அண்ணி சமையலறையில் என் மனைவியிடம் அவர் கதையைச் சொல்லிச் சிரிப்பார். "வாசல்ல பெல் வச்சு என்ன பிரயோஜனம்? ஒரு சுவிட்ச் போட்டு, கட்டிலுக்கு மேல பல்பு மாட்ட வச்சிருக்கேன். நான் அமுக்கினா அவருக்குத் தலைக்கு மேல வெளிச்சம் வரும். 'வந்துட்டியா தாயே'ன்னு கத்துவாரு பாரு, எதிர்வீட்டுப் பிள்ளை தூக்கத்துல அழும். போன் ஒண்ணு வச்சிருக்காரு, டார்ச் அடிக்க." செய்தித்தாளுக்குப் பின்னால் நானும் சிரித்திருக்கிறேன், சத்தம் வராமல்.

வீட்டில் கேட்ட பாய்லரையும் தாளில் இருந்த பாய்லரையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அண்ணி வாயிலிருந்து வருவதைக் கேட்காதவனாக இருந்து பழகியவனுக்கு அது உடனே கூடிவருவதில்லை.

இனி அந்தச் சாயங்காலம். என் கணக்கில் புதன், அண்ணி கணக்கில் செவ்வாய்.

நான் வந்து கைகால் கழுவி, கூடத்தில் ரேடியோவைப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணி பின்னால் வந்தார். பையைக் கீழே வைக்காமலே சமையலறை வாசலில் நின்றார். முகக்கவசத்தின் நாடா காதுக்குப் பின்னால் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. பலகையில் குத்தியிருந்த என் தாளை அன்றுதான் அவர் நிதானமாகப் படித்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

"கேட்டியா சேதியை?" என்றார் என் மனைவியிடம். "செவிடெல்லாம் போன்ல பேசுதாம் இப்போ."

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்குற கேள்விக்கெல்லாம் 'இல்லை, இல்லை'ன்னு தினமும் பதில் வேற. ஒரு வாரமா. பெரிய அதிசயம்தான்."

எனக்குச் சுருக்கென்றது. நான் போனில் பேசும் வேலைக்குப் போனதைக் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வேன்? செவிடு நான். போனில் பேசுவதும் நான்.

"சில பேருக்குப் பொட்டலம் கட்டுற வேலை கிடைச்ச வயித்தெரிச்சல்" என்றேன் ரேடியோவைப் பார்த்து. சத்தத்தைக் கூட்டினேன்.

"யாரைச் சொல்றீங்கக்கா?" என்று என் மனைவி கேட்டது அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்டது.

"புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்" என்றார் அண்ணி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். என் மேஜை போன் அடித்தது. எங்களை யாரும் கூப்பிடுவதில்லை, நாங்கள்தான் கூப்பிடுவோம். திரையில் தெரிந்த நம்பர் எனக்கு மனப்பாடம். நாற்பத்திரண்டாவது வரி. அப்பாடா, ஒருவழியாக இந்த ஆள் எழுந்தானே என்று எடுத்தேன்.

"வணக்கம், சுகாதார அலுவலகம்."

"இன்னைக்கு எழுதிட்டீங்களா?"

அண்ணியின் குரல். மூன்று வருஷத்துக்குப் பிறகு, சார் இல்லாமல், அடுப்பு இல்லாமல், நேராக எனக்கு.

"யாரு?" என்றேன். யாரென்று தெரிந்தே கேட்டேன்.

"பாய்லர் வீட்டுலேருந்து பேசுறேன். இந்த போன்ல பதினாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க, எல்லாம் அப்படியே கிடக்கு. இன்னைக்கு எழுதிட்டீங்களா, இல்லையா?"

"இன்னும் இல்லை."

"அப்போ பேனாவை எடுங்க. காய்ச்சல் உண்டு. இருமக்கூடத் தெம்பில்லை. மூச்சுத் திணறல் உண்டு. உதடு நீலமா இருக்கு. சோறு ஞாயித்துக்கிழமையிலேருந்து வரலை. நாலு நாள். எழுதுறீங்களா? வண்டி அனுப்புங்க. படுக்க வச்சுத் தூக்குற வண்டி."

கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுதவில்லை. எழுந்து, வெளிப்படிக்கட்டில் இறங்கி, கட்டம்மாவின் அறைக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தை விசாரணையில் எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் என்ன இருந்தது என்பதை அண்ணியின் எழுத்து வாக்குமூலத்தில் படித்தேன். சாவியை அவர் ஒப்படைத்திருக்கவில்லை. சுவிட்சை ஐந்தாறு தடவை அமுக்கியிருக்கிறார். யாரும் வரவில்லை. திறந்து உள்ளே போனால், பாய்லர் கட்டிலுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் தரையில். பானையில் தண்ணீர் இருந்தது. அதுவரை அவரால் போக முடியவில்லை.

கதவுக்கு வெளியே, படிக்கட்டு மேடையில் மூன்று தாள்கள் கிடந்தன. தினசரி காலண்டரில் கிழித்தவை. கதவிடுக்கு வழியாக வெளியே தள்ளியிருக்கிறார். பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில்: சாப்பாடு வரவில்லை, ஆபீஸில் சொல்லவும். இரண்டாவதில்: இன்றும் வரவில்லை, காய்ச்சல் அதிகம். மூன்றாவதில் எழுத்து கோணலாக: தாயே வா. முன்பக்கத்தில் அச்சிட்ட கிழமைகள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஒன்றின்மேல் செருப்புத் தடம் இருந்தது. எதிர்வீட்டுக்காரர், "தொட்டா ஒட்டிக்கும்னு பயந்து தாண்டிப் போனோம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சுவரில் காலண்டர் புதன்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கிழிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். சனிக்கிழமை காலையில் இறந்தார். அங்கிருந்த டாக்டர் குறிப்பில் ஒரு வரி எழுதினார்: ஒரு நாள் முன்னதாகக் கொண்டுவரப்பட்டிருந்தால் வாய்ப்பு இருந்தது. அந்த ஒரு வரியால்தான் கிழமை முக்கியமாயிற்று. அண்ணி சொன்னது செவ்வாய் என்றால், புதன்கிழமை தாளில் நான் இல்லை என்று எழுதியது தெரிந்தே எழுதியது. புதன் என்றால், மறுநாள் காலையே அண்ணி போய்விட்டார். நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதற்குள் அண்ணிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பாய்லரைத் தரையிலிருந்து தூக்கி, மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். சாதாரண முகக்கவசம்தான். தொற்று உறுதியானதும், எங்கள் வாசலிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அண்ணி அறைக்குள். நானும் மனைவியும் வெளியே போகக் கூடாது. வீட்டிலிருந்தே கூப்பிடு என்று ஒரு போனையும் தாள் கட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். கூடத்து மேஜையில் உட்கார்ந்து அறுபது வீடுகளைக் கூப்பிட்டேன். அறுபத்தோராவதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அது எங்கள் கதவு எண். வயது ஐம்பத்திரண்டு. பராமரிப்புப் பணியாளர்.

முதல் நாள் அவர் எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் மணி அடிப்பதை, அடித்து ஓய்வதைக் கேட்டேன். இப்போது புது உத்தரவு வந்திருந்தது: எடுக்காவிட்டால் 'எடுக்கவில்லை' என்றே எழுத வேண்டும். எழுதினேன்.

இரண்டாம் நாள் எடுத்தார். குரல் போனிலும் வந்தது, சுவர் வழியாகவும் வந்தது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று.

"வணக்கம், சுகாதார அலுவலகத்துலேருந்து பேசுறேன்."

"கூடத்துலேருந்துன்னு சொல்லுங்க."

"காய்ச்சல் இருக்கா?"

"இருக்கு."

"இருமல்?"

"ராத்திரியெல்லாம் கேட்டிருப்பீங்களே. ஓ, உங்களுக்குத்தான் காது கேக்காதே."

"மூச்சுத் திணறல்?"

"படியேறினா தெரியும். இங்க படி இல்லை."

"உணவு தேவையா?"

"என் புருஷன் வீட்டுச் சோறு எனக்கு வருது. உங்க பொண்டாட்டி வாசல்ல வச்சிட்டுத் தட்டிட்டுப் போறா. எனக்குக் கேக்குது."

"மருந்து?"

"நான் கட்டின பொட்டலமே எனக்கு வந்திருக்கு."

"வேறு புகார் ஏதாவது?"

மூச்சு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது. பிறகு பேசினார். குத்தல் எல்லாம் போயிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஒண்ணு இருக்கு. எழுதிக்கோங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சொன்னேன். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லலை. அது என் தப்பு. மறுநாள் பலகையில மாறியிருக்கும்னு பார்த்தேன், மாறலை. அப்பவே போயிருக்கணும். அதுவும் என் தப்பு. ரெண்டையும் நானே சொல்லிக்கிறேன். கிழமையை மட்டும் மாத்திச் சொல்லாதீங்க தம்பி."

தம்பி. அண்ணன் இருந்தபோது அப்படித்தான் கூப்பிடுவார்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் ஐந்து கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஒரு கட்டம் காலி.

"வேறு புகார் ஏதாவது?" என்று மறுபடி கேட்டேன்.

"இல்லை" என்றார் அண்ணி. வைத்துவிட்டார்.

ஆறாவது கட்டத்தில் இல்லை என்று எழுதினேன்.

அன்று சாப்பிடும்போது மனைவி சொன்னாள். "என்னையும் கூப்பிடுவாங்களாம். கேட்டா ஞாபகம் இல்லைன்னுதான் சொல்லப் போறேன். உங்களைக் காப்பாத்தன்னு நெனைச்சுக்காதீங்க. மூணு வருஷமா ரெண்டு பேரும் என்னைத் தபால் பெட்டியாத்தானே வச்சிருந்தீங்க? உள்ளே என்ன விழுந்துச்சுன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"அது என்ன கிழமை?" என்று அவளிடம் கேட்டேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

மூன்று வாரம் கழித்து விசாரணை நடந்தது. அலுவலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகையில், ஆறடிக்கு ஒரு நாற்காலி போட்டு. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். களைத்திருந்தார். கண்டக்டர், "எல்லாரும்தான் அப்படிப் போட்டோம், சொல்லிக் கொடுத்தது நான்" என்று எழுந்து நின்று சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கட்டம்மா, காலிக் கட்டம் கூடாது என்று தான் சொன்னதை ஒப்புக்கொண்டார். இல்லை என்று நிரப்பச் சொல்லவில்லை என்றார். அதுவும் உண்மை. அண்ணியிடம், ஏன் அலுவலகத்திலேயே சொல்லவில்லை என்று கேட்டார்கள். "மாடிக்குப் போக விடலை. இந்த அம்மா அன்னைக்கு மீட்டிங்ல இருந்தாங்க. ஒரே வீடுதானே, வீட்டுல சொன்னா போய்ச் சேரும்னு நெனைச்சேன்" என்றார். சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு என் முறை.

"எந்தக் கிழமை சொன்னாங்க?"

என் முன்னால் புதன்கிழமைத் தாளின் நகல் இருந்தது. நாற்பத்திரண்டாவது வரி, முதல் கட்டம். இல்லை என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி. பேனா முனையை வைத்துவிட்டு எழுதாமல் கொஞ்ச நேரம் நின்றால் மை ஊறுமே, அந்தப் புள்ளி. மற்ற ஐம்பத்தொன்பது வரியிலும் அப்படி ஒன்று இல்லை. முந்தைய ஆறு நாள் தாள்களிலும் இல்லை. அந்த ஒரு நாள் அந்த ஒரு வரியில் என் கை நின்றிருக்கிறது. எதற்காக நின்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை. யாரும் எதுவும் சொல்லாமல் ஒருவன் கை அங்கே நிற்குமா என்பதை அப்போதும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். நகலில் அது தூசி மாதிரி இருந்தது. அதிகாரி விரல் நுனியால் அதைத் தட்டிவிடப் பார்த்தார்.

"புதன்கிழமை" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

என் மனைவி, ஞாபகம் இல்லை என்றாள்.

அண்ணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அனுமதி இல்லாமல் தொற்றாளர் வீட்டுக்குள் போனது, சாவியை ஒப்படைக்காதது, இரண்டும் குற்றம். வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் தரைத்தளத்தில் வேலை பார்க்கிறார் என்று கேள்வி. மாடி ஏற முடிவதில்லை. போகும்போது அண்ணனின் கைக்கடிகாரத்தையும் தன் பெட்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டார். கட்டம்மா பதவி உயர்வில் மேலிடத்துக்குப் போனார். கண்டக்டர் பஸ்ஸுக்குத் திரும்பினார். ஒரு தடவை அவர் வண்டியில் ஏறினேன், டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், பேசவில்லை. பாய்லரின் வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது, சுவிட்சைக் கழற்றிவிட்டார்கள். என் மனைவி என்னோடுதான் இருக்கிறாள். தேவையானதைப் பேசுகிறாள். எனக்கு அடுத்த வருஷம் வேலை நிரந்தரமாயிற்று. பெரிய ஜன்னல் இருக்கும் அறையில் இப்போது நாங்கள்தான் படுக்கிறோம்.